மொத்தப் பெட்டி பூஜ்யம்

ஷோலாப்பூரிலிருந்து டிரங்க் கால் வந்தபோது பாகீரதி குடையைக்கூட மடித்து வைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. அங்கே ஒரு நர்ஸிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றின ஐந்து பேருக்கு அரை மணிக்குள் குளிர்ஜுரம் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். ஒருவர் விடிகாலையில் போய்விட்டார். பாட்டில், பம்பாய் செம்பூரில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியுடையது. பேட்ச் நம்பர் 617. பத்து மணிக்கு ஹுப்ளியிலிருந்து அதே பேட்ச், அதே சேதி.

"அறுநூற்றுப் பதினேழு எங்கெல்லாம் போயிருக்குன்னு ஒரு மணி நேரத்துலே வேணும்," என்றார் வெங்கடராமன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். மாட்டுங்காக்காரர். எதற்கும் குரலை உயர்த்தாதவர், அன்றும் உயர்த்தவில்லை. "நீ எழுதினதுதானே அந்தப் புரோகிராம். எடுத்துப் போடு."

பாகீரதி குடையை மூலையில் சாய்த்தாள். "சரி ஸார்," என்றாள்.

அது 1969 ஜூலை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மாட்டுங்காவில் அண்ணா கிட்டுவின் வீட்டில் இருந்தாள். பஞ்ச் ரூமில் கார்டு துளைக்கிற பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்து, எல்லோரும் போன பிறகு மெஷினோடு வந்த புத்தகங்களைத் தானாகவே படித்துப் புரோகிராம் எழுதுகிறவளாக ஆனவள். அந்தக் கம்பெனியில் வேறெந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவள் தடுமாறும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் அதே அறையில் இருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதினது அது. பேட்ச் நம்பரை ஒரு கார்டில் துளைத்து முன்னால் வைக்க வேண்டும். பின்னாலேயே லாரியில் ஏற்றின சரக்குக்கான கார்டுகளை வரிசையாகக் கொடுத்தால், அந்தப் பேட்ச் எந்த ஊருக்கு, எந்த டீலருக்கு, எத்தனை பெட்டி என்று அச்சடித்துத் தரும். எழுதின வருஷம் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். அப்புறம் தேவைப்படவில்லை. எந்த நாளும் தேவைப்படக்கூடாத புரோகிராம் அது.

நடுவில் பழைய மெஷின் போய்ப் புது மெஷின் வந்திருந்தது. பழையதற்கு எழுதின நூற்றுப் பன்னிரண்டு புரோகிராம்களில் ஒன்றுகூடப் புதியதற்கு நேரடியாகப் புரியாது. அதற்காகப் புதுமெஷினைப் பழைய மெஷின் போல நடக்கவைக்கிற ஒரு புரோகிராமையும் கூடவே கொடுத்திருந்தார்கள். அதற்கும் மேலே ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய்த்தது. வருகிற வேலைக்கு மெஷினின் நினைவில் இடம் ஒதுக்கும். வேலை முடிந்ததும் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்த வேலையை விடும். பழைய மெஷினுக்கு இந்தத் துப்புரவெல்லாம் கிடையாது. முந்தின வேலை விட்டுப்போனது விட்டுப்போன இடத்திலேயே கிடக்கும்.

ஏப்ரலில் வெங்கடராமன் ஒரு பட்டியல் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டையும் புது மெஷினில் ஓட்டிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் போட வேண்டும். பாகீரதி நூற்றுப் பதினொன்றை ஓட்டினாள். மிச்சமிருந்த இந்தப் பேட்ச் புரோகிராமுக்குத் தோதான கார்டுகளை எடுத்து அடுக்க அரை நாளாகும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினாள். அடுத்த வாரம் டைரக்டர் பட்டியலைக் கேட்டார். டிக் போட்டுவிட்டாள். அதன் கீழே வெங்கடராமன் கையெழுத்திட்டார். பழைய மெஷினைக் கழற்றிப் பெட்டிபெட்டியாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது லாரிக் கார்டு ஒன்பது டிரே வந்து இறங்கியது. மழையில் கார்டுகள் கொஞ்சம் உப்பியிருந்தன. இரண்டு இடத்தில் கார்டு படிக்கும் ரீடர் கடித்துத் துப்பியது. கிழிந்த கார்டுகளைப் பஞ்ச் ரூமிலிருந்து சுலைகா வந்து வாங்கிக்கொண்டு போய்ப் புதிதாகத் துளைத்துக் கொடுத்தாள். பத்தே முக்காலுக்குப் பிரிண்டர் ஓடியது. ஒரே ஒரு பக்கம். மேலே தலைப்பு. நடுவில் ஒன்றுமில்லை. அடியில் ஒரே வரி: மொத்தப் பெட்டி 0.

டைரக்டர் நேரிலேயே வந்து நின்றிருந்தார். பக்கத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அப்படியென்றால் அந்தப் பேட்ச் நம் கேட்டைத் தாண்டவேயில்லை," என்றார். "யாரோ நம் லேபிளைத் திருடி ஒட்டியிருக்கிறான். போலிச் சரக்கு."

பாகீரதி அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்த அந்தக் கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

பழைய மெஷினின் நினைவில் மொத்தம் நாலாயிரம் எழுத்துக்குத்தான் இடம். எல்லாம் இடைவெளி விடாமல் எழுதின ஒரே வரி மாதிரி இருக்கும். எந்த எழுத்திலிருந்து பேட்ச் நம்பர், எந்த எழுத்திலிருந்து ஊர் என்று மெஷினுக்குக் காட்ட அங்கங்கே ஒரு குறி போட்டு வைக்க வேண்டும். குறி இல்லையானால் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. 65-இல் அவளுடைய புரோகிராம் நாலாயிரத்துக்குள் அடங்காமல் நாற்பது எழுத்து வெளியே நின்றது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தினமும் காலையில் முதலாவதாக ஓடுகிற லாரிப் புரோகிராமும் இதே கார்டைத்தான் படிக்கிறது. இதே குறிகளைத்தான் போடுகிறது. போட்டதை யாரும் அழிப்பதில்லை. தன் புரோகிராமிலிருந்து குறி போடும் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டாள். அடங்கிவிட்டது. "எப்படிம்மா அடக்கினே?" என்று வெங்கடராமன் எல்லோர் எதிரிலும் கேட்டபோது, "கொஞ்சம் சுருக்கினேன் ஸார்," என்றுதான் சொன்னாள். அவள் வாழ்க்கையில் வாங்கின முதல் சபாஷ் அது. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

புது மெஷின் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அவள் புரோகிராமை உள்ளே விட்டிருக்கிறது. குறிகள் இல்லை. பதினெட்டாயிரம் கார்டைப் படித்து, ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ளாமல், பூஜ்யம் என்று சொல்லிவிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துடறேன் ஸார்," என்றுதான் வந்தது.

"பாருங்கள். ஆனால் ஹுப்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்," என்று சொல்லிவிட்டு டைரக்டர் போய்விட்டார். அடுத்த அறையில் அவர் டெலிபோனில் பேசுவது கண்ணாடி வழியே கேட்டது. அந்தப் பேட்ச் எங்களுடையதில்லை, எங்கள் ரிக்கார்டில் அது வெளியே போகவில்லை, எங்கள் டீலரிடம் வாங்கின மற்ற பாட்டில்களைத் தாராளமாக உபயோகிக்கலாம்.

மற்ற பாட்டில்கள். அவற்றிலும் 617 இருக்கும் என்று பாகீரதிக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் இதைச் சரிபண்ணிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள். லாரிப் புரோகிராமின் கார்டுக் கட்டை முதலில் வைத்து, அதன் பின்னாலேயே தன் கட்டையும் வைத்துவிட்டால் போதாதா? முதலாவது வந்து குறி போடும். இரண்டாவது வந்து அதன்மேல் ஓடும். இருபது நிமிஷ வேலை.

முதல் கட்டு ஓடி நின்றது. இரண்டாவது ஓடியது. மொத்தப் பெட்டி 0.

அப்போது மணி பதினொன்றரை. கீழே முற்றத்தில் கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு வாட்ச்மேன்கள் பேக்கிங் மேஸ்திரி கணேசபாண்டியனை இரு பக்கமும் பிடித்து கேட்டோரத்து டைம் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தாராவியிலிருந்து வருகிறவர், பத்து வருஷமாகச் சரக்கு கட்டுகிறவர். பெட்டிகளின்மேல் ஊர்ப் பெயரை ஸ்டென்சில் தகடு வைத்து அடிப்பது அவர் வேலைதான்.

"என்னாச்சு?" என்று சுலைகாவைக் கேட்டாள்.

"617 வெளியே போகலேன்னு மெஷின் சொல்லிடுச்சில்லே அக்கா? அப்போ கோடவுன்லே இருக்கணுமே. போய்ப் பார்த்தா ஒரு பெட்டிகூட இல்லே. நானூத்தி அறுபத்துமூணு பெட்டி. மேஸ்திரிதான் சோரி பண்ணி வெளியே வித்துட்டார்ங்கிறாங்க. போலீஸுக்கு போன் போயிருக்கு."

லாரிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் சீட்டுகள் எல்லாம் கீழ்த்தளத்தில், போன வாரத்து வெள்ளத்தில் கூழாகிக் கிடந்தன. அந்த மனுஷன் பெட்டிக்கு ஆணி அடித்து லாரியில் ஏற்றிவிட்டதற்கு உலகத்திலிருந்த ஒரே சாட்சி அந்த ஒன்பது டிரே கார்டுகள். அவை பேசாமலிருப்பதற்குக் காரணம் இவள்.

வெங்கடராமன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது எழுத்து, லாரிப் புரோகிராமின் குறிகள், ஓட்டாமலே போட்ட டிக். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்த டிக்குக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார்.

"ஆமாம் ஸார்."

"முதல்லே அதை ஓட வை. லிஸ்ட் வந்தப்பறம் ஏதாவது சொல்லிக்கலாம். புது சிஸ்டத்துலே கோளாறுன்னா யார் கேக்கப்போறா?"

"ஓட வைக்கத் தெரியலை ஸார். எப்போ தெரியும்னும் தெரியலை. அதுவரைக்கும் அங்கே பாட்டிலை மாட்டிண்டே இருப்பா. இங்கே அந்த மனுஷனைப் போலீஸ்லே கொடுத்துடுவா."

"இப்போ போய்ச் சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் திங்கக்கிழமை இங்கே இடமில்லை. எனக்கு மூணு பொண்ணு, பாகீரதி."

அவர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷமாயிற்று. அதுவே அவளைப் பயமுறுத்தியது. வெளியே வந்து டைரக்டர் அறைக்கு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வெங்கடராமனும் வந்துகொண்டிருந்தார்.

டைரக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "இது உனக்கு எப்போது தெரியும்?"

"பத்தே முக்காலுக்கு."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். "எந்த ஊருக்கு என்று தெரியாமல் இருநூறு டீலருக்கும் தந்தி அடித்தால் பாட்டில் கைக்கு வருவதற்குள் கம்பெனி போய்விடும். ஊர்ப் பெயர்கள் வேண்டும் எனக்கு."

"மேஸ்திரியைக் கேட்டா தெரியும் ஸார். அவர் கையாலேதான் அடிச்சார்."

டைம் ஆபீஸில் கணேசபாண்டியன் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. பாகீரதியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மெஷின்தான் தப்பு சொல்லிடுத்து. நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "617 எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இதைத்தானம்மா காலையிலேருந்து நானும் சொல்லுதேன், ஏத்தி விட்டாச்சுன்னு. எவன் கேக்கான்." கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. தகடு தெரியும். ஷோலாப்பூர் தகடு நீளம், அது போச்சு. ஹுப்ளி போச்சு. ஓரம் ஒடஞ்ச தகடு ஒண்ணு, அது குல்பர்கா. நாக்பூரு. பெறவு மிரஜ். இன்னும் உண்டும்மா. எல்லாத்தையும் எப்படிச் சொல்ல, நானூத்திச் சொச்சம் பெட்டில்லா."

ஐந்து ஊர். பன்னிரண்டேகாலுக்கு அந்த ஐந்து ஊருக்கும் அவசரக் காலும் தந்தியும் பதிவாயின. மழையில் லைன் பாதி அறுந்து கிடந்தது. ஆபரேட்டர், காத்திருங்கள் என்றாள்.

பாகீரதி மெஷின் அறைக்குத் திரும்பினாள். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. அது தலையைத் தெளிவாக்கும் என்று நினைத்திருந்தாள். ஆக்கவில்லை. இரண்டு கட்டையும் ஒன்றாகத்தானே வைத்தேன், ஏன் துடைத்தது? மெஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டரில் வந்திருந்த தாளை உருவி முதலிலிருந்து படித்தாள். லாரிப் புரோகிராம் ஆரம்பம். லாரிப் புரோகிராம் முடிந்தது. அடுத்த வேலை ஆரம்பம்.

முடிந்தது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

லாரிப் புரோகிராமின் கடைசி உத்தரவு 'நில்' என்பது. பழைய மெஷினில் அது வெறுமே நிற்கும். யாராவது பட்டனை அமுக்கி அடுத்த கட்டைப் போடுவார்கள். புது ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த 'நில்'லைப் பார்த்ததும் வேலை தீர்ந்தது என்று எண்ணி, இடத்தைத் துடைத்துவிடுகிறது. அந்த ஒரு உத்தரவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அடுத்த கார்டைப் படி' என்று போட்டால்? அடுத்த கார்டு அவளுடைய கட்டின் முதல் கார்டு. பழைய புரோகிராம்கள் தம்மைத் தாமே கார்டு கார்டாக உள்ளே ஏற்றிக்கொள்பவை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும். துடைக்காது.

கட்டைப் பிரித்து அந்தக் கார்டைத் தேடினாள். அடியிலிருந்து மூன்றாவது. புதுக் கார்டில் என்ன துளைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள்.

"சுலைகா, இதை நீயே துளை. என் கை சரியில்லை."

சுலைகா துளைத்துக்கொண்டு வந்ததை இருவருமாக வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாக எண்ணினார்கள். பாகீரதி கட்டை அடுக்கினாள். அப்புறம் ஒன்பது டிரே. ரீடர் மறுபடி இரண்டு தரம் கார்டைக் கடித்தது. வெங்கடராமன் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு டிரேயாகத் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று பத்துக்குப் பிரிண்டர் தலைப்பை அடித்தது. ஒரு வரி இறங்கிற்று. அகோலா, பன்னிரண்டு பெட்டி. பிறகு நிற்காமல் வரி வரியாக வந்துகொண்டேயிருந்தது. பெல்காம், பிஜாப்பூர், குல்பர்கா, ஹுப்ளி. பாகீரதி ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தாள். ஊருக்கு ஒரு ஆள் டெலிபோனுக்கு ஓடினார். மொத்தப் பெட்டி 463.

மூன்று மணிக்குக் கணேசபாண்டியனை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வரச் சொன்னார்கள்.

பெட்டிகளில் பெரும்பாலானவை அடுத்த பத்து நாளில் திரும்பி வந்தன. ஆறு பேர் செத்துப்போனார்கள். நாலு பேர் அந்தச் சனிக்கிழமை டிரங்க் கால் வருவதற்கு முன்னாலேயே. ஐந்தாவது ஆள் நாக்பூரில் ஒரு பெரியவர். அவருக்கு ஏற்றினது காலை ஒன்பது மணிக்கு. ஆறாவது, குல்பர்காவில் பிரசவித்த ஒரு பெண். பெயர் மர்யம், வயது இருபத்திரண்டு. பாட்டில் மாட்டின நேரம் பகல் பன்னிரண்டு பத்து. கம்பெனியின் அவசரக் கால் குல்பர்காவுக்குக் கிடைத்தது ஒன்று நாற்பதுக்கு. விசாரணைக் கமிட்டி முன்னால் வைத்த தாளில் இதெல்லாம் வரிசையாக டைப் அடித்திருந்தது. பாகீரதி அந்த வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் தாளைத் திருப்பவில்லை.

வெங்கடராமன் கமிட்டியிடம், புதுச் சிஸ்டத்துக்கு மாறும்போது இந்த மாதிரிக் கோளாறு எங்கேயும் சகஜம் என்றார். அது பொய்யுமில்லை. பாகீரதியின் முறை வந்தபோது அவள் நாற்பது எழுத்தையும் டிக்கையும் சொன்னாள். பத்தே முக்காலையும் சொன்னாள். இரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள். அவளைத் தவிர அந்தப் பழைய புரோகிராம்கள் வேறு யாருக்கும் தெரியாது என்பதால் அனுப்ப முடியவில்லை. நூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இந்தத் தரம் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கணேசபாண்டியன் நின்றிருந்தார். தூறல். அவள் குடையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தாள். அவர் விலகி நின்றுகொண்டார்.

"அன்னிக்கு நீங்க வந்து சொன்னதாலதான் விட்டாவ," என்றார். "அதுக்கு ஒரு கும்பிடு சொல்லணும்னு நெனச்சேன்."

"வேண்டாம்."

"எங்க வளவுல இன்னமும் கள்ளப்பயன்னுதான் சொல்லுதாவ. போலீஸு வந்துச்சுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. விட்டுட்டாவன்னு ஒருத்தனுக்கும் தெரியல. எம் பொண்டாட்டி பேராச்சி கொழாயடிக்குத் தண்ணிக்குப் போகமாட்டேங்கா." கன்னத்தைத் தடவிக்கொண்டார். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. "காலையில பத்தே முக்காலுக்கே ஒங்களுக்குத் தெரியுமாமே."

"தெரியும்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். ஒரு மாதமாக அதற்கு ஏதேதோ பதில் தயார்பண்ணி வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறிப்போய் நின்றார். அவளுக்குப் பெண்கள் ஸீட்டில் இடம் கிடைத்தது. ஸயானில் அவர் இறங்கித் தாராவிப் பக்கம் கூட்டத்தோடு நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மாட்டுங்கா வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள்.